கார்டுக்கு ஒரு மின்விசிறி

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டான். பிறகு சக்கரத்தைக் கண்டான். மூன்றாவதாக எங்கள் முதலாளி கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். இந்த வரிசையைச் சொன்னவர் அவரேதான். அச்சகத்தின் நடுவில் ஓர் அட்டைப் பெட்டிமேல் ஏறி நின்று சொன்னார். பெட்டி காலி. மூன்றாவது கண்டுபிடிப்புக்கு வந்தபோது ஒரு கால் உள்ளே போய்விட்டது.

அதுவரை எங்கள் விடியற்காலை வேறு மாதிரி இருந்தது. வெளிச்சம் வருமுன்பே ஷட்டரைத் தூக்குவோம். தாள் கட்டுகளைத் தோளில் சுமந்து வந்து மெஷினுக்கு ஊட்டுவோம். படமும் வரைபடமும் நிறைந்த புத்தகமென்றால், ஒவ்வொரு பக்கத்தையும் அச்சுக்குத் தோதான புள்ளிகளாக மாற்றித் தருவதற்குள் கம்ப்யூட்டர் திணறிப்போகும். அது திணறும் நேரத்தில்தான் நாங்கள் மூச்சு விடுவோம். தண்ணீர் குடிப்பது, இடுப்பை நிமிர்த்துவது, பைண்டிங் மெஷினை நிறுத்தி அதன் கிடுக்கியில் ஒட்டிய பசையைச் சுரண்டுவது, எல்லாம் அந்த இடைவெளியில்தான்.

கார்டு வந்து கம்ப்யூட்டர் வேகம் பிடித்தது, இடைவெளி போயிற்று. பக்கங்கள் கொட்டின. கார்டு சூடாகிறதென்று எங்கள் கூடத்திலிருந்த ஒரே மின்விசிறியும், கம்ப்யூட்டர் இருந்த முதலாளியின் கண்ணாடி அறைக்குள் போயிற்று.

“எங்களுக்கும்தான் சூடாகுது சார்” என்றார் தாள் வெட்டும் மாமா.

“நீங்க சூடானா கெட்டா போயிடுவீங்க? அது கெட்டுப்போகும்யா!”

மாமா யோசித்தார். “நாங்க கெட்டாலும் ரிப்பேர் செலவு உங்களுக்கு இல்லை. அதைச் சொல்றீங்க.”

பைண்டிங் மெஷினில் நின்றவர் அண்ணி. அண்ணனை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். மெஷினை நிறுத்தினால் முதலாளி உள்ளிருந்து மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டுவார். ஆகவே மெஷின் ஓடும்போதே பசையைச் சுரண்ட அண்ணி பழகிக்கொண்டார். ஒருநாள் காலை, வியர்த்த கையில் சுரண்டும் தகடு வழுக்கியது. புத்தகத்தைப் பிடிப்பதுபோலவே கிடுக்கி இரண்டு விரல்களைப் பிடித்து, கொதிக்கும் பசையை நோக்கி இழுத்தது. அண்ணி அலறவில்லை. “நிறுத்துங்கடா” என்றார். குரல் மட்டும் அவருடையதாக இல்லை. மாமா பாய்ந்து சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் கைக்கட்டோடு வந்த அண்ணியை வாசலிலேயே மறித்தார் முதலாளி.

“உடம்பைப் பாத்துக்கம்மா. கை ஆறினப்புறமும் வரவேண்டாம். இந்த வேகம் உனக்கு ஒத்துக்கல.”

“விரல்தான் சார் நசுங்கிச்சு. வயிறு அப்படியேதான இருக்கு. பிள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்றது?”

“நான் என்ன ஈரமில்லாதவனா? பழம் வாங்கி அனுப்புறேன்.”

“பழத்தை உங்க கார்டுக்கே ஊட்டுங்க சார்.”

சொன்னது கம்ப்யூட்டர் தங்கச்சி. கண்ணாடி அறைக்குள் முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்பவள். அதனாலேயே நாங்கள் அவளை அந்தப் பக்கத்து ஆள் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். அவள் வெளியே வந்து அண்ணியின் பக்கத்தில் நின்றாள்.

“நீ எங்க கிளம்பிட்ட? உள்ள பக்கமெல்லாம் தயாரா நிக்குது!”

“நிக்கட்டும் சார். நாங்களும் நிக்கிறோம்.”

மாமா மெஷினை அணைத்தார். தாள் சுமந்தவர்கள் கட்டுகளை இறக்கினார்கள். கூடம் அமைதியானது, அந்த அமைதியைக் கேட்டு எங்களுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

“வேற ஆள் கொண்டாந்துடுவேன், தெரியுமில்ல?”

“கொண்டாங்க. அவங்களுக்கும் விரல் இருக்கும்” என்றார் மாமா. “அண்ணி உள்ள வரணும். கை ஆறுற வரைக்கும் சம்பளம் நிக்கக் கூடாது. பசை சுரண்டுறப்போ மெஷின் நிக்கணும். ஃபேன் வெளிய வரணும்.”

முதலாளியின் முகம் வெளிறியது. “மத்ததை யோசிக்கலாம். ஃபேன்ல மட்டும் கை வைக்காதீங்க. கார்டு எரிஞ்சுபோயிடும்!”

யோசிக்க உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. நாங்கள் வாசலில் உட்கார்ந்தோம், அண்ணியை நடுவில் வைத்து. எதிர் அச்சகத்திலிருந்தும் சிலர் மை படிந்த கையோடு வந்து ஒட்டி உட்கார்ந்தார்கள். யாருக்கும் பயமில்லை என்று சொல்லமாட்டேன். தோளோடு தோள் ஒட்டியிருந்ததால், நடுக்கம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“ஏன் தங்கச்சி, ஃபேனை எடுத்தா கார்டு நிஜமாவே எரிஞ்சிடுமா?” என்று அண்ணி கவலையோடு கேட்டார்.

“கார்டுலயே ஃபேன் இருக்குண்ணி.”

எங்கள் மின்விசிறி, உள்ளே போன நாளிலிருந்து, முதலாளியின் நாற்காலியைப் பார்த்தே சுற்றிக்கொண்டிருந்தது.