கிழக்குப் பாலத்து விதிகள்

முனாப் மாஸ்டரின் மச்சான் கச்சிமுகம்மது கப்பலில் வேலை செய்தவர். 1979இல் லீவில் வந்தபோது ஒரு யுத்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், படைகளாக நகர்த்துவதற்கு இருநூறு மட்டைத் துண்டுகள், இரண்டு தாயக்கட்டைகள், ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகம். அதில் கடைசி ஆறு பக்கங்களைக் காணவில்லை.

கல்முனையில் ஒரே பள்ளிக்கூடத்தில் முனாப் கணக்கும் பாக்கியராசா புவியியலும் படிப்பித்தார்கள். ஞாயிறு காலைகளில் பாக்கியராசா வீட்டு மேசையில் விளையாட்டு நடக்கும். தோற்ற படை இரண்டு கட்டம் பின்வாங்க வேண்டும் என்றது புத்தகம். பின்னால் எதிரி நின்றால்? பதினாலாம் பிரிவைப் பார்க்கச் சொல்லியிருந்தது. பதினாலாம் பிரிவு தொலைந்த பக்கங்களில் இருந்தது.

"பின்வாங்க வழியில்லாட்டி அழிஞ்சதுதான்" என்றார் முனாப்.

"ஏன் அழியணும்? சரணடையட்டும்" என்றார் பாக்கியராசா.

மூன்று ஞாயிறு வாதாடிய பிறகு, சரணடைந்த படையைத் தொடக் கூடாது என்று முடிவானது. முனாப் அதை ஒரு கொப்பியில் எழுதினார். அதன்பின் புத்தகம் மௌனமாக இருந்த இடமெல்லாம் அந்தக் கொப்பி பேசியது. வரைபடத்துப் பாலத்தைப் 'பிடிப்பது' என்றால் மேலே ஏறி நிற்பதா, அருகில் நிற்பதா? 'கிழக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றாலே போதும்; எதிரிக்குச் சாப்பாடு போகாது' என்று எழுதினார். ஒரு விதிக்கு இரண்டு அர்த்தம் வந்தால், லாபமடையப்போகிறவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர் சொல்வதே தீர்ப்பு. அதை இருவரும் ஒருநாளும் மீறியதில்லை.

எண்பத்தைந்தில் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் அடித்துக்கொண்டபோது விளையாட்டு நின்றது. பெட்டி முனாப் வீட்டிலும் கொப்பி பாக்கியராசா வீட்டிலும் கிடந்தன.

அடுத்த வருடம் ஒரு காலைச் சுற்றிவளைப்பில் இராணுவம் கொப்பியைக் கண்டெடுத்து பாக்கியராசாவை ஏற்றிக்கொண்டு போனது. மத்தியானம் செய்தி வந்ததும் முனாப்பின் மனைவி ஜுனைதா பெட்டியை எடுத்து நடுவீட்டில் வைத்தாள்.

"இது கிடந்தா ஒங்களையும் ஏத்திருவானுகள். ரெண்டு குமர்ப்புள்ளயள் இருக்கு."

பின்னேரம் முனாப் அதைத் தன் கையாலேயே அடுப்பில் வைத்தார். வரைபடம் சீக்கிரம் எரிந்தது. மட்டைத் துண்டுகள்தான் நேரமெடுத்தன.

மறுநாள் காலை பாக்கியராசாவின் மனைவி சுந்தரம்மா வந்தாள்.

"மாஸ்டர், கொப்பியில படை, பாலம் எண்டு கிடக்காம். விளையாட்டெண்டு சொன்னா நம்புறாங்க இல்ல. அந்தப் பெட்டியத் தாங்க. கொண்டுபோய்க் காட்டுறன்."

"பெட்டி இல்ல" என்றார் முனாப்.

அவள் படியிறங்கிப் போனாள். அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

பதினாலு மாதம் கழித்து பாக்கியராசாவை விட்டார்கள். வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. முனாப் பார்க்கப் போனபோது சுந்தரம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பெட்டி இருக்கெண்டு நான் சொன்னன்" என்றார் பாக்கியராசா. "இல்லையாம் எண்டு இவ காம்புக்கு வந்து சொன்னா. அப்படி ஒரு விளையாட்டே இல்ல, நான் பொய் சொல்றன் எண்டு எடுத்துட்டாங்க. அதுக்குப் பொறகுதான் அடி கூடினது."

"எரிச்சிப்போட்டன்" என்றார் முனாப். "ஒங்களப் புடிச்ச அண்டைக்கே."

"அத அவக்கிட்டச் சொல்லியிருக்கலாமே. எரிச்சிட்டன் எண்டு."

பாக்கியராசா கோப்பையை இடது கையால் தூக்கினார்.

"யார்ட எழுத்தெண்டும் கேட்டாங்க. என்ட எண்டு சொன்னன்."

முனாப் தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த பள்ளித் தவணையில் பாக்கியராசா வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப்போனார். வழியில் கண்டால் சைக்கிளை நிறுத்தாமல் தலையசைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் முனாப் மாஸ்டர் தன் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றார்.