இருபத்து நாலில் நின்ற பீர்

கொட்டகையில் தான் காய்ச்சிய பீரின் அடர்த்தியைப் பார்க்கக் குனிந்த மெர்வ் அப்படியே சாய்ந்தான். கையிலிருந்த கண்ணாடி மிதவை சிமெண்டுத் தரையில் தூள்தூளானது. அவன் மனைவி நோலீன் தொலைபேசியில் கத்திய கத்தலுக்கு முதலில் வந்தது ஆம்புலன்ஸ் அல்ல. நியூசிலாந்துச் சிற்றூரான டாபவேராவின் தன்னார்வத் தீயணைப்புப் படை வண்டி. படையில் ஒருத்தியான, பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்ரூடி, அவன் நெஞ்சில் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்தினாள். அவளுக்கு மூச்சு வாங்கியபோது இன்னொருவர் மாறினார். பிறகு மறுபடியும் அவள். வண்டியிலிருந்த மின்னதிர்ச்சிப் பெட்டியைத் திறந்து அதிர்ச்சி கொடுத்த பிறகுதான் இதயத் துடிப்பு திரும்பியது.

மெர்வ் பிழைத்து வீட்டுக்கு வந்தான். கனமாக எதையும் தூக்கக் கூடாது, மறு பரிசோதனை வரை மது கூடாது என்றார்கள்.

"அப்ப நானும் தொட மாட்டேன்" என்றாள் நோலீன்.

"உன்ன யாரு வேண்டாம்னா?"

"பக்கத்துல ஒருத்தன் பேயாட்டம் முழிச்சிக்கிட்டிருக்கும்போது எனக்கு எறங்காது."

படைக்கு எப்படி நன்றி சொல்வதென்று இருவரும் யோசித்துப் பார்த்தார்கள். கேக் சின்னதாகப் பட்டது. குளிர்கால விருந்துக்கு ஒரு பெரிய டிரம் நிறைய பீர் காய்ச்சிக் கொடுப்பதென்று முடிவானது. இதுவரை காய்ச்சியது எல்லாம் மெர்வ்தான். இந்த முறை அவன் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தான். நோலீன் முளைகட்டிய பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, எதிர்த் தோட்டத்தில் விளைந்த ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டாள்.

உடைந்த மிதவைக்குப் பதிலாக அவர்கள் மகன் கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒரு புதுக் கருவி அனுப்பியிருந்தான். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் ஆயிரம். சர்க்கரை ஏற ஏற எண்ணும் ஏறும். ஆயிரத்து நாற்பத்தெட்டில் தொடங்கிய பீர், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன ஆயிரத்துப் பத்து வரைக்காவது இறங்க வேண்டும்.

ஆயிரத்து இருபத்து நாலுக்கு வந்து நின்றுவிட்டது.

மறுநாளும் இருபத்து நாலு. குளிர்தான் காரணம் என்று மெர்வ் சொல்ல, நோலீன் டிரம்மைக் கம்பளியால் சுற்றினாள். அசையவில்லை. அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கிளப்ப டிரம்மை மெல்ல ஆட்டினாள். புது ஈஸ்ட் வாங்கிவந்து போட்டாள். எதற்கும் மசியவில்லை.

"நீ மால்ட்ட அதிகச் சூட்டுல ஊற வச்சிட்ட" என்றான் மெர்வ்.

"சூடு சொன்னது யாரு? நானா?"

"பாட்டில்ல அடைச்சா மிச்சச் சர்க்கரை பொங்கி வெடிக்கும். என் உசிரக் காப்பாத்தினவங்க மூஞ்சில கண்ணாடி தெறிக்கணுமா? கொட்டிடு, நோலீன்."

அவள் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். அவன் குரலைக் கேட்டு எரிச்சல்படக்கூட முடிகிறதே என்று அங்கே நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ட்ரூடியைக் கூப்பிட்டாள். ட்ரூடியும் வீட்டில் காய்ச்சுகிறவள்.

அன்று பிற்பகலே பேருந்தை நிறுத்திவிட்டுத் தன் காரில் ஒரு பை ஃபெய்ஜோவா பழத்தோடு வந்தாள்.

"எங்களுக்குன்னு செய்யறத எங்கிட்டயே காட்டறீங்களா? நல்ல கூத்து. சரி, ருசி எப்படி இருக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருமே குடிச்சுப் பாக்கலையா?"

"அவருக்குக் கூடாது" என்றாள் நோலீன். "நான் அவருக்காக விட்டுட்டேன்."

ட்ரூடி டிரம்மின் குழாயைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்தாள். ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, மறுபடியும் குடித்தாள்.

"இதுல இனிப்பே இல்லையே! இருபத்து நாலுன்னா பாகு மாதிரி இருக்கணும். எதுல பாத்தீங்க?"

மெர்வ் புதுக் கருவியை நீட்டினான். அவள் சிரித்துவிட்டாள்.

"இது பொய் சொல்லல மெர்வ், பாவம், கொழம்பிப் போயிருக்கு. ஈஸ்ட் போடறதுக்கு முன்னால இது சொல்றது சரி. ஆல்கஹால் உண்டாயிட்டா வெளிச்சம் வேற மாதிரி வளையும், எண்ண ஏத்திக் காட்டும். அதுக்குக் கணக்குப் போட்டுக் கழிக்கணும். இருங்க, வண்டில என்னோட மிதவை இருக்கு."

உயரமான குவளையில் பீரை ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, மிதவையை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினாள். அது ஆடி, தாழ்ந்து, நின்றது. மூன்று பேரும் குனிந்தார்கள். ஆயிரத்துப் பத்து.

"நாலு நாளா இதுக்குப் போர்வை போத்திக்கிட்டிருந்தேன்" என்றாள் நோலீன்.

"எனக்குக்கூட இப்படிப் போத்தல" என்றான் மெர்வ். பிறகு அவள் பக்கம் திரும்பி, "சூடு சரியாத்தான் வச்சிருக்க. நாந்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன்" என்றான்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோதும் எண் மாறாததால் தைரியமாகப் பாட்டிலில் அடைத்தார்கள்.

விருந்தன்று தீயணைப்பு நிலையத்தில் மெர்வ் நாலு வார்த்தை பேச எழுந்தான். "நீங்க அன்னிக்கு..." என்று தொடங்கியபோது சைரன் அலறியது. அன்று பணிமுறையில் இருந்ததால் மதுவைத் தொடாதவர்கள் ஆரஞ்சுச் சாற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள். ட்ரூடியும் அவர்களில் ஒருத்தி. ஏதோ கார் பள்ளத்தில் இறங்கியிருந்ததாம், யாருக்கும் அடியில்லை.

திரும்பி வந்தவர்களின் பூட்ஸ் முழுக்கச் சேறு. மெர்வ் மறுபடி பேச முயலவில்லை. ட்ரூடியின் தட்டில் சூடான ஆட்டுக்கறியை வைத்தான். அவளுடைய முறை முடிந்ததும் பாட்டிலைத் திறந்து, நுரை வழியாமல் நிதானமாக ஊற்றிக் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை நோலீனும் அவனும் பக்கத்திலேயே நின்றார்கள்.

"நல்லா இருக்கா?" என்றாள் நோலீன்.

"இன்னொண்ணு ஊத்துங்க" என்றாள் ட்ரூடி.