யன்னலில் இருந்த இடிகல்

1.

நான் எழுத நினைத்தது கற்களைப் பற்றிய ஒரு கட்டுரை. அதில் மனிதர்கள் வருவதாகவே இல்லை.

டென்மார்க்கில், கோல்டிங் நகருக்கு வெளியே ஒரு பண்டகசாலை கட்டுவதற்கு முன்பு அருங்காட்சியகத்தார் நிலத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். இந்த நாட்டில் அது வழமை. புதிதாக ஒன்று எழும்புவதற்கு முன் மண்ணுக்குள் யார் இருந்தார்கள் என்று தேடிவிடுவார்கள். அங்கே இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய குடியிருப்பு ஒன்று இருந்தது. பொன் இல்லை, வாள் இல்லை. தானியம் அரைத்த கல், கத்தி தீட்டிய கல், கொட்டை உடைத்த கல். உள்ளூர்ப் பத்திரிகையின் மூலையில் "அன்றாடக் கற்கள்" என்று ஒரு சிறு செய்தி வந்தது. அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. கட்டுரையின் முதல் வரியும் தயாராகிவிட்டது:

"வரலாறு அரசர்களுடையது, ஆனால் கல்லோ—"

[இதை இப்படியே விட்டுவிடுகிறேன். முடிவதற்கு முன்பே போகுமிடத்தைக் காட்டிவிடும் வரி இது.]

பிறகு உயிர்த்த ஞாயிறு வந்தது. நண்பன் இன்பநாதனின் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவன் மனைவி கிருபாமலருக்கு முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பராமரிக்கும் வேலை. பேச்சோடு பேச்சாக நான் அந்தத் தோண்டலைப் பற்றிச் சொன்னேன். அவர் கறிச் சட்டியைக் கீழே வைத்தார்.

"அது ஹெனிங்கின்ர காணி அண்ணை. அவரை நான்தான் பாத்தனான். அந்தக் காணிக் கல்லொண்டு அவற்ற குசினி யன்னலில இருந்தது."

சாப்பாடு ஆறும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுரை அங்கேயே செத்துப்போனது.

"எழுதட்டோ?" என்றேன்.

"எழுதுங்கோ. ஆனா எனக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் ஆருக்கும் குடுக்கவேணும்."

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"கிருபாமலர் அந்தக் கல்லைக் கையில் எடுத்தாள். சில்லென்றிருந்தது. மறுகணம் அவள் ஊரில், அம்மியின் முன்னால், மிளகாய் நெடியில்—"

தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இந்த இடத்தில் மறித்தார்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை. நான் எப்ப அம்மியில அரைச்சனான்? எங்கட வீட்டில கிரைண்டர் இருந்தது. கல்லைக் கண்டவுடன எனக்கு ஊர் ஞாபகம் வரவேணுமோ?"

"வராதோ?"

"எனக்கு ஹெனிங்கின்ர ஞாபகம்தான் வரும்."

அழித்தேன். இரண்டாவது தொடக்கத்தில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு பெண் ஓடைக்கரையில் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினாள். அழகாகத்தான் குனிந்தாள். ஆனால் அவள் பெண்தானா, அங்கே ஓடை இருந்ததா என்று அகழ்ந்தவர்களுக்கே தெரியாது. அவளையும் போகவிட்டேன்.

மிஞ்சியது நடந்தது மட்டும்தான்.

3.

ஹெனிங்குக்கு எண்பது கடந்திருந்தது. காணியை விற்றுவிட்டு வீட்டையும் முற்றத்தையும் மட்டும் வைத்துக்கொண்டவர். மனைவி இங்கர்லீஸ சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார். ஒரே மகன் தோர்பெனுக்குத் தூரத்தில், ஓல்போ நகரில் வேலை. ஹெனிங்கின் நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. கோப்பித்தூள் போடாமலே கோப்பி வடிப்பார். வடிந்த சுடுதண்ணீரை ஊற்றி, "இண்டைக்குக் கொஞ்சம் சாயம் குறைவு" என்று நீட்டுவார்.

(அவர்கள் பேசியது டேனிஷில். கிருபாமலர் எனக்குச் சொன்னது யாழ்ப்பாணத் தமிழில். அதனால் இந்தக் கதையில் யூலாந்துப் பகுதி விவசாயி ஒருவரும் யாழ்ப்பாணத்தாரைப் போலவே கதைப்பார். டேனிஷில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு அனேகமாக ஒழிந்துவிட்டது. கிருபாமலர் எல்லாரையும் நீங்கள் என்றே சொன்னார். நானும் அதை மாற்றவில்லை.)

கிருபாமலர் காலையில் போவார். குளிக்கவார்த்து, முகம் வழித்து, மாத்திரை கொடுத்து, பாண் துண்டுக்கு வெண்ணெய் பூசி வைப்பார். குளிக்கவார்க்கும்போது சபையில் பாடும் பாட்டொன்றை முணுமுணுப்பார். ஒருநாள் ஹெனிங், "உங்கட கடவுளுக்கு நேரம் கனக்க இருக்குப்போல. என்ர குளிப்பு முடிஞ்சிட்டுது, பாட்டு முடியேல்லை" என்றாராம். இதைச் சொன்னபோது மட்டும் கிருபாமலர் சிரித்தார்.

கல், சமையல் செய்யும் குசினியின் யன்னல் அடிக்கட்டையில் இருந்தது. கைப்பிடிக்குள் அடங்கும் கருஞ்சாம்பல் கல். ஒரு பக்கம் தட்டை. இங்கர்லீஸ கல்யாணமாகி வந்த புதிதில் உழுத வயலில் அதைக் கண்டெடுத்தார். வடிவாக இருக்கிறதே என்று கொண்டுவந்தவர், பிறகு வாழ்நாள் முழுவதும் அதனால்தான் நத்தார்ப் பண்டிகைக்குக் கொட்டை உடைத்தார், மிளகு தட்டினார், காற்றில் அடிக்கும் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்.

தோண்டல் நடந்தபோது ஹெனிங் நடப்பதற்கான தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு குழியின் ஓரத்துக்குப் போய் நின்று பார்ப்பார். அகழ்வாய்வாளர்களில் மெட்டே என்ற இளம்பெண் அவரோடு நன்றாகப் பழகினாள். ஒருநாள் கோப்பிக்கு வந்தவள் யன்னலைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். அன்று கிருபாமலரும் அங்கே இருந்தார்.

"இதை எடுத்துப் பாக்கலாமோ?" என்று கேட்டு எடுத்தாள். "இது இடிகல். நாங்கள் அங்க தோண்டி எடுக்கிறதும் இதைத்தான். இந்தப் பக்கம் இடிச்சு இடிச்சுத் தேஞ்சிருக்கு. இஞ்ச ஒரு பள்ளம் தெரியுதோ? பெருவிரல் பிடிச்ச இடம்."

"அது இங்கர்லீஸவின்ர பெருவிரல்" என்றார் ஹெனிங்.

மெட்டே மறுக்கவில்லை. "அவவின்ரயும் சேர்ந்துதான் இருக்கும்" என்றாள்.

அந்த வயலில் கிடைத்தவற்றை வைத்து அருங்காட்சியகம் ஒரு சிறிய காட்சி ஏற்பாடு செய்வதாகவும், இந்தக் கல்லையும் தந்தால் நல்லது என்றும் சொன்னாள். கட்டாயமில்லை என்பதையும் சொன்னாள். ஹெனிங் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

4.

யோசித்தார். இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் கிருபாமலரிடம்தான்.

முதல் முறை முகம் வழித்துக்கொண்டிருந்தபோது. சவர்க்கார நுரையோடு கிருபாமலரின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் போனா அந்தக் கல்லை என்ர கையில வைச்சு மூடச் சொல்லுங்கோ. இங்கர்லீஸவிட்டக் கொண்டுபோகவேணும். அவ தேடுவா."

"யோ, யோ" என்றார் கிருபாமலர். டேனிஷில் அந்தச் சொல்லுக்கு ஓம் என்றும் பொருள், சரி விடுங்கோ என்றும் பொருள்.

இரண்டாவது முறை குழியிலிருந்து திரும்பி வந்தபோது. அன்று அங்கே ஒரு பழைய வீட்டின் அடுப்படியைத் தோண்டித் திறந்திருந்தார்கள். கருகிய மண்ணில் கற்கள் இருந்தபடியே இருந்தன. ஹெனிங் வீட்டுக்கு வந்து மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் அமர்ந்தார்.

"அது எங்கட இல்லை கிருபா. அந்த அடுப்பு வைச்சிருந்த ஆக்களின்ர. இங்கர்லீஸ கொஞ்சக்காலம் பாவிச்சவ, அவ்வளவுதான். அந்தப் பிள்ளையிட்டக் குடுங்கோ. மற்றக் கல்லுகளோட இருக்கட்டும்."

எந்த நாளில் அவருடைய புத்தி தெளிவாக இருந்தது என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் என் கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"ரெண்டு நாளும் தெளிவாத்தான் இருந்தவர்" என்றார் கிருபாமலர்.

5.

இனி மகன். என் முதல் வரைவில் தோர்பென் கெட்டவன். விலையுயர்ந்த காரில் வந்து, தகப்பனின் உடலைப் பார்க்காமல் அலுமாரியைத் திறந்து—

[கிருபாமலர்: "அப்பிடியில்லை அண்ணை. அந்த மனுசன் பாவம்." இனி திருத்திய வடிவம்.]

தோர்பென் ஒவ்வொரு ஞாயிறும் தகப்பனோடு தொலைபேசியில் கதைப்பார். வந்து பார்ப்பது குறைந்துபோனதற்குக் காரணம், கடைசியாக வந்தபோது தகப்பன் அவரிடம் "நீங்கள் ஆரின்ர மகன்?" என்று மரியாதையாகக் கேட்டது.

குளிர்காலம் தொடங்கிய ஒரு காலை கிருபாமலர் போனபோது ஹெனிங் கட்டிலில் இறந்துகிடந்தார். உறக்கத்தில் போயிருந்தார். மருத்துவர் வந்து உறுதிசெய்துவிட்டுப் போனார். தோர்பென் புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. கிருபாமலர் அலுவலகத்தில் அனுமதி கேட்டு நின்று, ஹெனிங்கைத் துடைத்து, தலைசீவி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார்.

இங்கே ஒருவர் இறந்தால் யன்னலைத் திறந்துவிடுவார்கள். உயிர் வெளியே போகட்டும் என்று. கிருபாமலரின் சபையில் அப்படி ஒரு நம்பிக்கை இல்லை. ஆனால் வேலைக்கு வந்த புதிதில் கூட வேலை செய்தவர்கள் பழக்கிவிட்டார்கள், அவரும் செய்வார். படுக்கையறை யன்னல் இறுகிப்போய்த் திறக்கவில்லை. குசினிக்குப் போனார். அங்கே யன்னலைத் திறப்பதற்குக் கல்லை எடுக்கவேண்டியிருந்தது.

கல் கையில் இருந்தபோது தோர்பென் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

பராமரிக்கிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட எடுக்கக்கூடாது. கொடுத்தாலும் வாங்கக்கூடாது. எடுத்ததாக ஒரு பேச்சு வந்தாலே போதும், அதுவும் கறுத்த தோலுக்கு. இதை நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

"அதை வையுங்கோ" என்றார் தோர்பென்.

"யன்னல் திறக்கவேணும்" என்றார் கிருபாமலர். கல்லை மேசையில் வைத்துவிட்டு யன்னலைத் திறந்தார். குளிர்காற்று வந்தது. பண்டகசாலை கட்டும் இயந்திரங்களின் சத்தமும் வந்தது. தோர்பென் திறந்த யன்னலைப் பார்த்தார். பிறகு கிருபாமலரின் கைகளைப் பார்த்தார். சவர்க்காரத்தில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தகப்பனைப் பார்க்க உள்ளே போனார்.

6.

அவர் திரும்பி வந்தபோது கிருபாமலர் கோப்பி போட்டிருந்தார். இருவரும் கல்லுக்கு இரண்டு பக்கமும் அமர்ந்தார்கள்.

"மியூசியத்தில இருந்து என்னட்டையும் கேட்டவை, இதைத் தாறன் எண்டு நான் சொல்லிப்போட்டன்" என்றார் தோர்பென். "அப்பா இதைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

ஹெனிங் இரண்டாவதாகச் சொன்னதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். பொய்யும் இல்லை. மகன் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்பட்டிருக்கும், கல்லும் நல்ல இடத்துக்குப் போயிருக்கும். ஆனால் மணிக்கட்டில் அந்த மனிதர் பிடித்த பிடி இருந்ததாகக் கிருபாமலர் சொன்னார். இரண்டையும் சொன்னார், சொல்லுக்குச் சொல்.

"எது பிந்திச் சொன்னது?"

"மியூசியம்."

"அப்ப அதுதானே?"

"தெரியேல்லை. மனம் மாறிச் சொன்னாரோ, முதல் சொன்னதை மறந்துபோய்ச் சொன்னாரோ. எனக்குத் தெரியேல்லை."

தோர்பென் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "போனமுறை என்னை ஆரெண்டு கேட்டவர். உங்களை அப்பிடிக் கேட்டிருக்கமாட்டார்."

ஓம், கேட்கவில்லை என்று சொல்லிப் பேச்சை முடித்திருக்கலாம்.

"என்னையும் கேட்டவர்" என்றார் கிருபாமலர். "கனதரம்."

அப்போதுதான் தோர்பென் முகத்தைப் பொத்திக்கொண்டார். கிருபாமலர் எழுந்துபோய் அவருடைய தோளில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் சவப்பெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். ஹெனிங்கைத் தூக்கி உள்ளே கிடத்தி, கைகளை நெஞ்சில் வைத்து, வெள்ளைத் துணியைச் சரிசெய்தார்கள். ஏதாவது வைப்பதென்றால் வைக்கலாம், பிறகு மூடப்போகிறோம் என்றார்கள்.

தோர்பென் கிருபாமலரிடம் வந்தார். "அவர் சொன்னது உங்களிட்ட. நீங்களே முடிவெடுங்கோ. கல்லு வந்தாலும் வராட்டியும் மியூசியத்தோட நான் கதைக்கிறன். நான் பாக்கமாட்டன், கேக்கவும் மாட்டன்."

சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய் வயல்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

7.

முடிவு அ: கிருபாமலர் கல்லை எடுத்து வந்தார். ஹெனிங்கின் விரல்கள் மடங்க மறுத்தன. வலது உள்ளங்கைக்குக் கீழே செருகி, துணியை இழுத்துவிட்டார். மூடி பிடித்தவருக்குத் துணியின் புடைப்புத் தெரிந்தது. அவர் மூடியை இறக்கினார்.

முடிவு ஆ: கிருபாமலர் கல்லை ஈரத்துணியால் துடைத்து, இங்கர்லீஸவின் கைதுடைக்கும் துவாயில் சுற்றி, தோர்பெனின் கார் இருக்கையில் வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் கீழே "இடிகல், வயலில் கிடைத்தது" என்றுதான் எழுதியிருக்கும். கொட்டை உடைத்த நத்தார்கள் அதில் வரமாட்டா.

[கிருபாமலர் அதைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார் என்று ஒரு முடிவும் உண்டு. எழுதமாட்டேன். எழுதினால் யாராவது நம்புவார்கள்.]

மெட்டேயிடம் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை. இரண்டு முடிவுகளையும் எடுத்துக்கொண்டு கோல்டிங்குக்குப் போனேன். இன்பநாதன் வேலைக்குப் போயிருந்தான். கிருபாமலர் சீருடையைக்கூட மாற்றாமல் அமர்ந்து கடைசிவரை கேட்டார்.

"ரெண்டும் வடிவா இருக்கு அண்ணை."

"எது நடந்தது?"

"அது எனக்கும் ஹெனிங்குக்கும் இடையில இருக்கட்டும்."

நான் தாள்களை மடித்தேன். அவர் மறுபடி கதைத்தார்.

"ஆனா ரெண்டிலயும் நான் சும்மா கல்லோட நிக்கிறன். அண்டைக்கு நான் அழுதனான் அண்ணை. அதை ஏன் விட்டனீங்கள்?"

"நீங்கள் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை. கல்லைப் பற்றித்தானே கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

ஆகவே எழுதுகிறேன். கிருபாமலர் அழுதார். பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, சத்தமாக அழுதார். சொந்தத்துக்கு அழுவதுபோல அழுதார். மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றவர் அதை மெல்லச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு ஒதுங்கினார். முற்றத்தில் தோர்பெனுக்கும் கேட்டிருக்கும். பராமரிக்கவேண்டிய அடுத்த வீட்டில் ஒரு முதியவள் மருந்துக்குக் காத்திருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அங்கேயும் போகவேண்டும்.

இதுவரைக்கும் நடந்தது. இனி நான் அந்த அறையில் இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள். ஹெனிங் மனம் மாறிச் சொன்னாரா, மறந்துபோய்ச் சொன்னாரா என்று முடிவுசெய்யுங்கள். பிறகு கல்லை எடுங்கள்.