மகள் முகத்திலிருந்து அழித்தவை

ரொட்டிக் கடைக் கல்லாவில் நின்ற அம்மாவுக்கு நாற்பத்தெட்டாம் வயதில் வலது கன்னத்தில் வந்த பரு அவளுடையது அல்ல. ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில், பெரிய வணிக வளாகம் ஒன்றில் சென்ட் விற்றுக்கொண்டிருந்த அவளுடைய ஒரே மகளுடையது. மகள் அன்று காலை தன்னைப் போட்டோ எடுத்து, செயலியில் பருவை விரலால் தேய்த்து அழித்துவிட்டு எல்லோருக்கும் பகிர்ந்தாள். அம்மா மாவு ஒட்டிய விரலால் ஹார்ட்டை அமுக்கினாள். மகளின் கன்னத்தில் பரு மறைந்து அம்மாவின் கன்னத்தில் முளைத்தது. அந்த வாரம் ரொட்டி விலையும் ஏறியிருந்ததால் கடைக்கு வந்தவர்கள் விலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

மற்றவர்கள் எத்தனை பேர் அமுக்கினாலும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா அமுக்கினால்தான் ஆனது. மகள் போட்ட படத்துக்கு ஹார்ட் போடாமல் விடுவது, அவள் “அம்மா” என்று கூப்பிடும்போது பதில் சொல்லாமல் இருப்பதற்குச் சமம் என்று இவளுக்கு ஒரு நினைப்பு. அதனால் ஒன்று விடாமல் அமுக்கினாள். மகள் கருவளையத்தை அழித்தாள். இவள் கண்ணுக்குக் கீழே கருத்தது. மகள் மூக்கை நெல்லளவு ஒடுக்கினாள். இவள் மூக்கு நெல்லளவு அகன்றது. டாக்டர் களிம்பு கொடுத்தார். முதலாளி நல்ல மனிதர்தான், வேலையை விட்டுத் தூக்கவில்லை. வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று கல்லாவிலிருந்து அடுப்படிக்கு மாற்றினார், அவ்வளவே. இருபது வருஷம் நாலு பேரோடு வாயடித்துக்கொண்டே வியாபாரம் பார்த்தவள், அதன் பிறகு சுவரைப் பார்த்து மாவு பிசைந்தாள்.

மகள் லீவில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து புருவத்தில் பட்ட தழும்பை, சமையலறையில் உட்கார்ந்தபடியே அழித்துப் பகிர்ந்தாள். எதிரே நின்ற அம்மா அமுக்கினாள். இரண்டு பேர் கண்ணெதிரே தழும்பு இடம் மாறியது.

“ஐயோ அம்மா! இத்தனை நாளா என்னோடதெல்லாம் உனக்கா வந்துச்சு?”

“வந்தா என்னடி? நாலு பேர் பாக்குற வேலையில நிக்கிறவ நீ. என்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்.”

“இனிமே நீ அமுக்கவே கூடாது. என் மேல சத்தியம் பண்ணு.”

அம்மா சத்தியம் பண்ணவில்லை. மகள் ஒரு பாட்டம் அழுதுவிட்டு அம்மாவை ப்ளாக் செய்தாள். அழிப்பதை நிறுத்திக்கொள்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. இதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பாவம், அவளையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. படம் போட்ட ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேர் அழகு, அழகு என்கிறார்கள். கால் கடுக்க நாள் முழுக்கக் கவுன்ட்டரில் நின்றாலும் ஒருத்தர்கூட அப்படிச் சொல்வதில்லை.

மறுவாரமே அம்மா செல்போன் கடைக்காரரிடம் போய், ரொட்டிப் படம் வைத்து வேறு பெயரில் புது அக்கவுன்ட் ஒன்று திறந்துகொண்டாள். மகள் அழித்ததெல்லாம் அவள் நிஜ முகத்திலிருந்தும் மறைந்துகொண்டேதான் இருந்தது. புது க்ரீம் வேலை செய்கிறது என்று மகள் நம்பினாள். அப்படி நம்புவது வசதியாகவும் இருந்தது. மூன்று வருஷம் வீட்டுப் பக்கம் வரவில்லை. வீடியோ காலில் அம்மா எப்போதும் மின்விசிறியைத்தான் காட்டினாள்.

“கேமரா கெட்டுப்போச்சுடி. நீ பேசு, நான்தான் உன்னைப் பாக்குறேன்ல.”

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, யாரோ ஒருவரின் மணிக்கட்டில் சென்ட் அடித்துக் காட்டிக்கொண்டிருந்த மகளின் வலது கன்னத்தில் பரு முளைத்தது. பின்னாலேயே கருவளையம், மூக்கின் அந்த நெல்லளவு, புருவத் தழும்பு என்று அழித்த வரிசையிலேயே எல்லாம் வந்து சேர்ந்தன. அவள் போய் மேனேஜரிடம் லீவு கேட்டாள்.

“எங்க அம்மா போயிட்டாங்க சார்.”

“போன் வந்துச்சா?”

“இனிமேதான் வரும்.”

இருபது நிமிஷத்தில் வந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள் என்றார் முதலாளி.

கிடத்தியிருந்த அம்மாவின் முகத்தில் ஒரு மாசு மறு இல்லை. கல்லாவில் நின்ற காலத்து முகம் அப்படியே இருக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள். முதலாளி எடுத்துக் கொடுத்த அம்மாவின் போனில், மகள் அன்று காலை போட்ட படம் திறந்தபடி இருந்தது. ஹார்ட் அமுக்கியிருக்கவில்லை. ஓரத்தில் சின்னதாக அந்த ரொட்டிப் படம். மூன்று வருஷமாகத் தன் எல்லாப் படங்களுக்கும் முதல் ஆளாக வந்து ஹார்ட் போட்டது அந்த ரொட்டிதான் என்பது அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. போனைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

இப்போது அவளைக் கவுன்ட்டரிலிருந்து பின்பக்கக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இன்னமும் படம் போடுகிறாள், எதையும் அழிப்பதில்லை. முப்பது ஹார்ட் தேறினால் அதிகம். முகத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறவர்களிடம், “இது என்னோடதுதான். இத்தனை நாள் எங்க அம்மா வச்சிருந்தாங்க” என்கிறாள். கேட்டவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டுப் பெட்டிகளை அடுக்கப் போகிறார்கள்.