எலி மூடி போடாது

முத்துக்குமரன் காரின் பானட்டைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஓர் எலி துள்ளிக் குதித்து, போர்டிகோவைக் கடந்து செம்பருத்திச் செடிக்குள் ஓடி மறைந்தது. அவர் மனைவி தமிழ்வாணி பக்கெட்டோடு பின்வாங்கினாள். பயந்த மாதிரி காட்டிக்கொண்டாலும், மனசுக்குள் அந்த எலிக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

"குடும்பமே நடத்தியிருக்கு பாரு," என்றார் அவர்.

நடத்தித்தான் இருந்தது. இன்ஜின் மேல் தேங்காய் நாரும், கிழிந்த துணியும், காய்ந்த வேப்பிலையுமாக ஒரு கூடு. சுற்றிலும் புழுக்கை. பாதி ஒயர்களில் தோல் இல்லை. பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது. மாசி மாதம் தார்ப்பாய் போட்டு மூடிய கார், புரட்டாசி பிறந்து இப்போதுதான் வெளிச்சத்தைப் பார்க்கிறது. வேறு யாராவது என்றால் பானட்டைச் சாத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். முத்துக்குமரன் கைலியை மடித்துக் கட்டினார்.

"ஆயுத பூஜைக்கு வண்டி எலுமிச்சம்பழம் ஏறுது. நானே தொடைக்கிறேன், நானே ஓட்டுறேன்."

தமிழ்வாணி பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

மாசியில் நடந்தது இதுதான். சமயநல்லூர் தாண்டி நான்கு வழிச் சாலையில் கார் நேராகப் போய் நடுத்திட்டில் ஏறிச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் காளைதான் ஓடிப்போய்க் கதவை உடைத்து அவரை வெளியே இழுத்தான். பிறகு தமிழ்வாணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "அக்கா, அண்ணே கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா அவரு அங்க இல்லக்கா."

மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டரும் வேறு வார்த்தையில் அதையேதான் சொன்னார். இது ஒருவகை வலிப்பு, சில நொடிகள் நினைவு போய்த் திரும்பும், மாத்திரை சாப்பிடுங்கள், ஸ்டியரிங்கை மட்டும் தொடாதீர்கள் என்றார். முத்துக்குமரன் மாத்திரையை ஒரு வேளை தவறாமல் தின்றார். எதற்குத் தின்கிறார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். கேட்டவர்களிடம் நாய் குறுக்கே வந்தது என்றார். தெருக்காரர்களிடம் சொன்னபோது அது செவலை நாய். ஆபீசில் சொன்னபோது கருப்பு. சம்பந்தி வீட்டில் சொல்லும்போது இரண்டு நாய்களாகியிருந்தன.

தமிழ்வாணி அவரோடு சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். காளை வண்டியைச் சரிசெய்து, ஓட்டிக்கொண்டுவந்து, பானட்டைத் திறந்து வேலையைக் காட்டிவிட்டுப் போன அன்றைக்கு, பெங்களூரில் இருக்கும் மகன் சித்தார்த்துக்குப் போன் போட்டாள். அவன் சொன்னபடியே பானட்டுக்குள் இருந்த கருப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, பெட்ரோல் பம்புக்குக் கரண்டு கொடுக்கும் ரிலேயைப் பிடுங்கினாள். தீப்பெட்டியில் பாதி அளவுகூட இல்லை. அது இல்லாவிட்டால் செல்ஃப் சுத்தும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மூடியைப் பத்திரமாகப் போட்டு, ரிலேயைக் கொண்டுபோய் வெந்தய டப்பாவுக்குள் புதைத்தாள். இவருக்கு வெந்தயம் ஆகாது, அந்த டப்பா பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். மறுநாள் செல்ஃப் அடித்து அடித்துச் சலித்துப்போன மனுசன், கோபத்தில் தார்ப்பாயைப் போட்டு மூடினார். அவள் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

கார் வெறும் கார் என்றால் வித்துத் தொலைத்திருக்கலாம். அவருடைய அப்பா சின்னக்கருப்பன் சோழவந்தான் பக்கம் கொடிக்காலில் வெற்றிலைக் கட்டுச் சுமந்தவர். ஊரின் பெரிய தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். கார் வாங்கிய வாரம் முத்துக்குமரன் அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து, அதே தெருவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டாவது கியரிலேயே ஓட்டினார். ஹாரன்கூட அடிக்கவில்லை. தமிழ்வாணி பின்சீட்டில் இருந்தாள். அந்தக் காரைத்தான் அவள் வெந்தயத்துக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

வேலை தொடங்கியது. முதலில் பேட்டரியைக் கழற்றினார். தண்ணீர் படக்கூடாத இடங்களுக்குப் பாலிதீன் சுற்றினார். பெயிண்ட் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கி, பிசுக்கை இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து எடுத்தார். சோப்புத் தண்ணீர் ஊற்றுவதும் துணி பிழிந்து கொடுப்பதும் இவள் வேலை. டேப்பும் ஒயரும் வாங்க டவுன் பஸ் ஏறி சிம்மக்கல் போய் வந்தார். பஸ்ஸில் போவதை யாராவது பார்த்துவிட்டால், "வண்டி சர்வீஸ்ல கெடக்கு" என்பார்.

ஒவ்வொரு கோளாறு வெளியே வரும்போதும் தமிழ்வாணிக்கு உயிர் திரும்பி வந்தது. இந்த ஒயர் போச்சா, போகட்டும். அந்த ஹோஸ் வெடிச்சிருச்சா, நல்லா வெடிக்கட்டும். ஆனால் அவர் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தார். எண்ணெய்க் கையால் அவள் மூக்கில் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சிரித்தார். மாசிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் இன்ஜின் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது. புதுப் பேட்டரி உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினார். சுத்தியது, ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி திருப்பினார். இறங்கிவந்து, இதுவரை மேலாகத் துடைத்து மட்டும் வைத்திருந்த கருப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"தமிழு, இங்க வா. இந்தக் குழியப் பாரு."

"எலி தூக்கியிருக்குங்க. இம்புட்டு ஒயரத் தின்னதுக்கு இது ஒரு பெரிய காரியமா?"

"தூக்கும். தூக்கிட்டு, மூடியத் திருப்பி மாட்டி, கிளிப்பும் போட்டுட்டா போகும்?"

அவள் துணியைப் பிழிந்தாள். துணியில் தண்ணீரே இல்லை.

"காளைப்பயதான். கடைசியா பானட்டத் தொறந்தவன் அவன்தான்," என்று போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். "ஏன்டா, என் வண்டி சாமானத்தத் திருடி எவனுக்குடா வித்த?"

"அண்ணே... அன்னிக்கு ஒங்க கழுத்துச் செயினு, மோதிரம் எல்லாத்தையும் அக்கா கையில குடுத்தவண்ணே நான். நானாண்ணே திருடுவேன்?"

"பேசாத. திருட்டுப்பய."

தமிழ்வாணி உள்ளே போனாள். வெந்தய டப்பாவை முறத்தில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, அவர் உள்ளங்கையில் ரிலேயை வைத்தாள்.

"காளை, போன வை தம்பி. எடுத்தது நான்."

முத்துக்குமரன் அதை மூக்கருகே கொண்டுபோனார். "வெந்தயம்," என்றார். பிறகு, "மாசியிலருந்தா?"

"ஆமா."

"நான் முட்டிபோட்டுத் தேச்சேன். நீ பக்கத்துல நின்னு தண்ணி ஊத்துன."

"ஆமாங்க. பயமா இருந்துச்சு. நீங்க செத்துப் போயிருவீங்களோன்னு. இல்ல, ரோட்டோரம் சும்மா நடந்து போற எவளோட பிள்ளையவாச்சும்..."

அவர் ரிலேயைக் குழியில் அமுக்கினார். ஏறி உட்கார்ந்தார். ஒரே திருப்பலில் வண்டி பிடித்துக்கொண்டது. இத்தனை மாதமும் நிற்கவே இல்லை என்பதுபோல ஓடியது. அவர் முகத்தைப் பார்த்தபோது, அப்பாவோடு அந்தத் தெருவில் ஓட்டிய நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"கேட்டத் தொற."

அவள் ஓடிப்போய் கேட்டின் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். "மாட்டேன்."

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. தெருவில் ஒரு நாய் போயிற்று. அவர் பார்வை அதன் பின்னாலேயே போய்த் திரும்பியது.

"நாயெல்லாம் ஒண்ணும் வரல," என்றார். "ரோடு இருந்துச்சு. அப்புறம் காளை மூஞ்சி இருந்துச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல தமிழு."

அவள் கேட்டை விட்டு அசையவில்லை.

"வா. வந்து புடுங்கு. ஓடும்போதே புடுங்கு. திருட்டுத்தனமா வேணாம், நான் பாக்கப் புடுங்கு."

பெட்டி சூடாக இருந்தது. இழுத்ததும் இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. அந்த அமைதியில் முத்துக்குமரன் தலையைக் குனிந்துகொண்டார். ரொம்ப நேரம் இறங்கவில்லை.

இறங்கியதும் ரிலேயை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். முறத்தில் கிடந்த வெந்தயத்தை அள்ளிப் போட்டு, நடுவில் அதைப் புதைத்து, டப்பா மூடியை அவரே இறுக்கினார்.

"காளைட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஒன்ட்ட கேக்க மாட்டேன்."

"கேக்க வேணாம்."

மறுநாள் பூஜையில் அவளோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துடைத்த இன்ஜினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். முன்சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, சாவியைத் தொடாமல், காருக்குப் பின்னால் வந்து நின்றார். தமிழ்வாணி புரிந்துகொண்டு பக்கத்தில் வந்து கை வைத்தாள். இருவரும் தள்ளினார்கள். வண்டி பழத்தில் முட்டி நின்றது, ஏற மறுத்தது.

"இன்னும் கொஞ்சம் அமுக்கித் தள்ளு," என்றார் முத்துக்குமரன்.