விச்சுவின் எண்ணுக்குக் குங்குமப் பொட்டு

சரஸ்வதி பூஜையன்று காலை மனைவி நீலா சந்தன, குங்குமக் கிண்ணங்களோடு எதிரே வந்ததும் விச்சு எழுந்து குறுக்கே நின்றார். மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. பாக்கி அவருடைய கம்ப்யூட்டர்தான்.

"அணையுங்கோ. இன்னிக்கு எதுவும் வேலை செய்யப்படாது. கட்கியிலே அவ்வளவு பெரிய ஃபேக்டரியிலேயே மெஷினை நிறுத்திட்டு மாலை போடறா."

"ஐயோ, அதை மட்டும் தொடாதே நீலா! அணைச்சா எல்லாம் முதல்லேர்ந்து!"

பேங்கிலிருந்து ரிடையரான மனுஷன், போன வருஷம் கணபதியைக் கரைத்த மறுநாள் ஆரம்பித்த கூத்து இது. இரண்டைக் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வருகிற பூதம் பகா எண்தானா என்று பார்க்க வேண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத எண். உலகத்தில் யாரும் பார்க்காத பகா எண் புனேயில், தன் ஹாலில் பிறக்கப்போகிறது என்று ஒரே பரவசம். இதற்கென்று இருக்கிற ப்ரோகிராம் வேண்டாமாம், தானே எழுதினார். நடுவில் நிறுத்தித் தொடர வழி வைக்கத்தான் மறந்துபோனார். இன்வர்ட்டரையும் அதற்கே கொடுத்தார். கரண்ட் போன நாட்களில் ஃபிரிட்ஜில் மாவு பொங்கி வழிந்த கதையை நீலாவிடம் கேட்க வேண்டும்.

பொட்டு வைக்க இடம் தேடி நீலா திரையைப் பார்த்தாள். "இதென்ன மேலே நம்பர்?"

"எத்தனை தடவை பெருக்கணும்கிற கணக்கு."

எண்ணைக் கண்டால் நீலா கூட்டிவிடுவாள். ஃபிளாட் நம்பரோ, பிள்ளை அபினவுக்குப் பார்த்த பெண்ணின் ஃபோன் நம்பரோ, எட்டு வந்தால் தீர்ந்தது.

"ஒண்ணு, நாலு, பூஜ்யம், ஏழு, ரெண்டு, பூஜ்யம், மூணு, ஒன்பது, ஒண்ணு... இருபத்தேழு. ரெண்டும் ஏழும் ஒன்பது! ஏன்னா, இதை முன்னாடியே சொல்லப்படாதோ? பேஷான நம்பர். அணைக்க வேண்டாம், ஓடட்டும்!"

விச்சு திரையருகே போய்த் தானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். கூட்டி ஒன்பது வந்தால் அந்த எண் ஒன்பதால் வகுபடும். பெருக்கும் தடவையே பகா எண்ணாக இல்லையென்றால், விடையும் பகா எண் ஆகாது. ஆகுர்டி போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்களுக்கெல்லாம் இதை விளக்கிய மகானுபாவர், எண்ணை அடிக்கும்போது விரல் தவறியதைப் பார்க்கவில்லை. தடவை மூன்றால் வகுபட்டால் பூதம் ஏழால் வகுபடும்; ஏழால் வகுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்து ஸ்விட்சை அணைத்தார்.

"நான்தான் ஓடட்டும்னேனே!"

"பூஜைன்னா பூஜைதான்" என்றார்.

நீலா உருகிப்போனாள். கடைசியில் இந்த மனுஷனுக்கும் பக்தி வந்துவிட்டதே! அன்று அவருக்கு வடை இரண்டு பங்கு.

மறுநாள் விஜயதசமி, எதையும் ஆரம்பிக்க நல்ல நாள். விச்சு குளித்துவிட்டு வந்து வேறோர் எண்ணை அடித்தார். எண்டரைத் தொடாமல் அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"நீலா, இதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லேன்."

அவள் வந்து கூட்டினாள். முகம் தொங்கிப்போயிற்று. "எட்டுன்னா வரது! வேண்டவே வேண்டாம்னா."

விச்சு ஆனந்தமாக எண்டரைத் தட்டினார்.