கழட்டிக் காட்டச் சொன்ன கண்

கார்த்திகாவின் இடது கண்ணில் பூ விழுந்தது ஆறு வயதில். குளத்தூர்ப் பக்கம் களத்தில் விளையாடும்போது நெற்கதிரின் நுனி குத்திப் புண்ணாயிற்று. யாரோ சொன்னார்கள் என்று பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி ஊற்றிக்கொண்டு நாளைக் கடத்தினார்கள். திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்திருந்தது. புண் ஆறியது, கருவிழியை மூடி வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணின் பார்வை அதோடு சரி.

அப்படிப்பட்டவளைப் பிரவீன்குமார் பெண் பார்த்த அன்றே பிடித்திருக்கிறது என்று சொன்னான். சொந்தபந்தம் அதைக் கொண்டாடித் தீர்த்தது. "தங்கமான பயடி. தெரிஞ்சே கட்டிக்கிட்டான்." எந்த விசேஷத்துக்குப் போனாலும் இலையில் உப்பு வைக்கிற மாதிரி முதலில் இந்தப் பேச்சைத்தான் வைப்பார்கள். பிரவீன் தலையைக் குனிந்து சிரிப்பான். அவளும் சிரிப்பாள். நன்றி இல்லாமலா இருக்கும்? இருந்தது. ஆனால் எட்டு வருடமாக நன்றி சொல்லிக்கொண்டே குடித்தனம் நடத்துவது கழுத்து வலிக்கிற வேலை.

மூன்று மாதத்துக்கு முன் திருச்சி கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். "பார்வைய கொண்டுவர முடியாதும்மா. தோற்றத்தச் சரி பண்ணலாம். தழும்பு மேல மை ஏத்திக் கறுப்பாக்கலாம். இல்லாட்டி வலது கண்ணு மாதிரியே கருவிழி அச்சடிச்ச லென்ஸ் போட்டுக்கலாம்." கார்த்திகா லென்ஸைக் கேட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொடக் கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, சிவந்தால் உடனே கழற்றிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று கீரனூர் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கொடுத்தபோது அவள் முகத்தை நேராகப் பார்த்தார். எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று தடுமாறாமல் ஒரு அந்நிய மனிதர் பார்த்தது அதுதான் முதல் தடவை. சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் பிரவீன், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேடப் போய்விட்டான். சாவி கண்ணெதிரே ஆணியில்தான் தொங்கியது.

ஆவுடையார்கோவில் பக்கம் அவர்களுடைய குலதெய்வக் கோவிலில், பிரவீனின் சித்தப்பா மகன் குழந்தைக்குக் காது குத்து. குழந்தையின் அம்மா அன்புமொழி கோயம்புத்தூரில் இருப்பவள். அவள் கல்யாணத்துக்குக் கார்த்திகா போகவில்லை; அன்றுதான் இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆசாரி காதைக் குத்தி முடித்ததும் பிள்ளை வீறிட்டது.

"அக்கா, ஆரத்திய நீங்களே கரைச்சு எடுத்துருங்க. எனக்கு இவன விட்டு நகர முடியல" என்றாள் அன்புமொழி.

இத்தனை வருடத்தில் ஆரத்தித் தட்டு கார்த்திகாவின் கைக்கு வந்ததே இல்லை. கண்ணேறு கழிக்கிற காரியத்தில் கண் பழுதானவளை யார் கூப்பிடுவார்கள்? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துக் கையாலேயே கரைத்தாள். தண்ணீர் சிவந்தது. வெற்றிலையில் சூடத்தை வைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையின் முன்னால் வந்து நின்றாள்.

"அவ எடுக்க வேணாம்." பெரியம்மா பிச்சையம்மாள் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள். "இங்கிட்டு மீனம்மாள வரச்சொல்லு."

"ஏன் பெரியம்மா? அக்காவுக்கு என்ன?"

"கண்ணுல பூ விழுந்தவத்தா. ஒனக்குத் தெரியாது."

அன்புமொழி கார்த்திகாவின் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு?"

எல்லாரும் பிரவீனைப் பார்த்தார்கள். கார்த்திகாவும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அவன் நின்றிருந்தாலே போதும், சூடத்தைக் கொளுத்தியிருப்பாள்.

"அது லென்ஸ்" என்றான் பிரவீன். மூன்று மாதமாகப் பூட்டி வைத்திருந்த சிரிப்பு அவன் முகத்தில் திரும்பி வந்திருந்தது. "உள்ள அப்படியேதான் இருக்கு. நான் தெரிஞ்சுதான கட்டுனேன். கார்த்தி, வேணும்னா கழட்டிக் காட்டேன்."

"தங்கமான பய" என்றது ஒரு குரல்.

தட்டில் தண்ணீர் தளும்பியது.

"கையெல்லாம் சுண்ணாம்பா இருக்குங்க" என்றாள் கார்த்திகா. "இந்தக் கையோட தொட்டா வெந்துபோயிரும். ஒங்களுக்குப் பரவாயில்லன்னா கழட்டுறேன்."

அன்புமொழிதான் தட்டைப் பிடித்தாள். பிடுங்கவில்லை, தூங்குகிற பிள்ளையை வாங்குவது போல வாங்கினாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. மொதப் புள்ள."

வண்டியில் கீரனூருக்குத் திரும்பினார்கள். அறந்தாங்கி தாண்டி ஒரு கடையில் நிறுத்தி, "டீ குடிக்கிறியா?" என்றான். அவள் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. லென்ஸ் காலையில் போட்டது; கண் உறுத்தத் தொடங்கியிருந்தது. கார்த்திகா குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் சுண்ணாம்பு ஏறி இன்னும் எரிந்தது. மஞ்சள் போகவில்லை. கண்ணாடி முன் நின்று விரலைக் கண்ணருகே கொண்டுபோவாள், பயந்து இறக்கிவிடுவாள்.

பிரவீன் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நான் எடுக்கவா?"

"அங்க எல்லாருக்கும் காட்டணும்னீங்க. இங்க யாரும் இல்லையே."

அவன் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, வெள்ளைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, அவளை உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தான்.

"கீழ் எமைய இறக்குங்க. லென்ஸ கீழ தள்ளி, மெதுவா கிள்ளி எடுக்கணும். நகம் படக்கூடாது."

முதல் தடவை விரல் நழுவியது. இரண்டாம் தடவை லென்ஸ் வந்துவிட்டது. உள்ளங்கையில் ஈரமாக, குட்டிக் கருவிழியாக அது கிடந்தது. பிரவீன் நிமிர்ந்தான். அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவன் அந்தக் கண்ணைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வெள்ளைன்னு நெனச்சிருந்தேன்" என்றான் கடைசியில். "ஓரத்துல நீலமா இருக்கே. நடுவுல ஒரு நரம்பு ஓடுது."

கார்த்திகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து பேசும்போதெல்லாம் அவன் பார்வை அவள் வலது கண்ணிலோ நெற்றிப் பொட்டிலோதான் நின்றிருக்கிறது. ஊர் முழுக்க அவன் ஏற்றுக்கொண்டதாகப் புகழ்ந்த கண்ணை அவன் இன்றுதான் பார்க்கிறான்.

"எட்டு வருஷமா இங்கதான் இருக்கு" என்றாள். "அடுத்த விசேஷத்துல யாராச்சும் கேட்டா என்ன சொல்வீங்க?"

சட்டென்று அவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். உள்ளங்கையில் லென்ஸ் காய்ந்துவிடுமோ என்று அவன் அதைக் குவித்துப் பிடித்திருந்தான்.

"இத எதுல போட்டு வைக்கணும்?" என்று கேட்டான்.

அலமாரியில் இருந்த டப்பாவை அவள் கையால் காட்டினாள். வலியெடுத்த கண்ணை மூடிக்கொண்டாள். அவன் மருந்துத் தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகுவது கேட்டது. கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. அவள் காத்திருந்தாள்.